'தண்ணி வீணா கடலுக்குப் போகுதா?' - உப்புச் சேற்றில் நின்று சமைத்துச் சாப்பிடும் புன்னக்காயல் அலையாத்தி மரங்கள் சொல்லும் பதில்

ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையின்போதும் டிவியிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி கண்டிப்பாக வந்துவிடும். "தாமிரபரணியில் இருந்து இத்தனை டிஎம்சி தண்ணீர் வீணாக கடலில் கலக்கிறது." ஒரு டிஎம்சி என்றால் சுமார் 2,830 கோடி லிட்டர். கேட்கும்போதே வயிறு எரியும். கோடையில் குடத்தோடு காத்துக் கிடக்கும் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கோபம் நியாயமானதும்கூட.

ஆனால், அந்தத் தண்ணீர் கடலைத் தொடுவதற்கு முன்னால் கடைசியாக ஓர் இடத்தைக் கடந்து போகிறது. தூத்துக்குடி மாவட்டம், புன்னக்காயல் முகத்துவாரம். அங்கே முழங்கால் அளவு சேற்றில், உப்புத் தண்ணீருக்கு நடுவில் பச்சைப் பசேலென்று அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. அந்த மரங்கள் எப்படித் தண்ணீர் குடிக்கின்றன, எப்படி உணவு தயாரிக்கின்றன என்று தெரிந்துகொண்டால், 'வீண்' என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துத்தான் பயன்படுத்துவோம்.

எட்டாம் வகுப்பு அறிவியலில் படித்த ஒளிச்சேர்க்கைதான். ஆனால் இந்த முறை பாடப்புத்தகத்தில் இருந்து இல்லை, தாமிரபரணி கரையில் இருந்து. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

புன்னக்காயல் எங்கே இருக்கிறது?

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் வழியாக சுமார் 128 கி.மீ. ஓடி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. கலக்கும் இடம்தான் புன்னக்காயல். ஆத்தூருக்குக் கிழக்கே, காயல்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மீனவ ஊர்.

வழியில் ஆற்றுக்குக் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியாக ஸ்ரீவைகுண்டம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் வடகால், தென்கால் என்று இரண்டு வாய்க்கால்களுக்குத் தண்ணீர் பிரிந்து போகும். அதையும் தாண்டி வழிந்து வருவதுதான் புன்னக்காயலுக்கு.

இங்கே அதிகமாக இருப்பது வெண்கண்டல் என்று சொல்லப்படும் அலையாத்தி வகை. தரைக்கு மேலே பென்சிலை நட்டு வைத்த மாதிரி வேர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வேர்கள் எதற்கு என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் சாப்பாட்டு விஷயம்.

மரம் மண்ணைச் சாப்பிடுகிறதா?

"மண்ணுல சத்து இருக்கு, அதைத்தான் மரம் சாப்பிடுது" என்றுதான் பலரும் நினைக்கிறோம். சுமார் 400 வருடங்களுக்கு முன்னால் ஐரோப்பாவிலும் அப்படித்தான் நினைத்தார்கள். வான் ஹெல்மான்ட் என்ற பெல்ஜியம் நாட்டு மருத்துவர் அதைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார்.

ஒரு பெரிய தொட்டியில் சுமார் 90 கிலோ காய்ந்த மண்ணை எடை போட்டு நிரப்பினார். 2 கிலோ சொச்சம் எடையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டார். தண்ணீரைத் தவிர வேறு எதுவும் ஊற்றவில்லை. 5 வருடம் கழித்து எடுத்து எடை போட்டால், மரம் சுமார் 77 கிலோ. மண்ணின் எடை எவ்வளவு குறைந்திருந்தது தெரியுமா? சுமார் 60 கிராம்தான். அவர் இறந்த பிறகு, 1648-ல் இது புத்தகமாக வெளிவந்தது.

அப்போ 74 கிலோவுக்கு மேல் எங்கிருந்து வந்தது? 'தண்ணீரில் இருந்து' என்று ஹெல்மான்ட் முடிவு செய்தார். அது பாதி சரி. மீதிப் பாதி காற்று. நாம் மூச்சில் வெளியே விடும் அதே கார்பன் டை ஆக்சைடுதான் மரத்தின் முக்கியமான சரக்கு.

இலையில் உள்ள பச்சையம் சூரிய ஒளியைப் பிடிக்கிறது. அந்தச் சக்தியை வைத்து தண்ணீர் மூலக்கூறு பிளக்கப்படுகிறது. அதிலிருந்து கிடைப்பதையும் காற்றில் இருந்து வந்த கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து இலை சர்க்கரை தயாரிக்கிறது. தண்ணீரைப் பிளந்தபோது மிஞ்சிய ஆக்சிஜன் வெளியே போகிறது. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் அதுதான். மரத்தின் கட்டை, பட்டை, பழம், வேர் எல்லாமே இந்தச் சர்க்கரையில் இருந்து கட்டப்பட்டவை.

சமையலுக்கு எதற்கு இவ்வளவு தண்ணீர்?

இங்கேதான் மரத்துக்கு ஒரு சிக்கல். காற்று உள்ளே வர வேண்டும் என்றால் இலையில் உள்ள நுண்ணிய துளைகளைத் திறக்க வேண்டும். இவற்றை இலைத்துளை என்கிறோம். துளையைத் திறந்தால் காற்று உள்ளே வரும், அதே வழியில் தண்ணீர் ஆவியாக வெளியே போகும். கதவைத் திறந்தால் ஏசி காற்று வெளியே போவது மாதிரிதான்.

ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு உள்ளே வருவதற்குள் சில நூறு தண்ணீர் மூலக்கூறுகள் வெளியே போய்விடும். வேர் உறிஞ்சும் 100 லிட்டரில் 95 லிட்டருக்கும் மேல் இப்படி ஆவியாகத்தான் போகிறது. சமையலுக்குள் போவது ரொம்பக் கொஞ்சம்.

அதாவது, தண்ணீர் போதவில்லை என்றால் மரம் முதலில் இலைத்துளைகளை மூடும். மூடினால் தண்ணீர் மிச்சமாகும், ஆனால் சமையலும் நின்றுவிடும். மரத்துக்குத் தாகம் என்றாலே பட்டினிதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், புன்னக்காயல் கதைக்கு இதுதான் அடிப்படை.

மோட்டார் இல்லாமல் தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது?

மூணு மாடிக்குத் தண்ணீர் ஏற்ற நமக்கு மோட்டார் வேண்டும். மரத்துக்கு இதயமும் இல்லை, பம்ப்பும் இல்லை. பிறகு எப்படி?

மரத்துக்குள் வேரில் இருந்து இலை வரைக்கும் முடியைவிட மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. இவற்றின் பெயர் சைலம். இந்தக் குழாய்கள் முழுக்க தண்ணீர் ஓர் அறுபடாத நூல் மாதிரி நிற்கிறது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று விடாமல் பிடித்துக்கொள்ளும் குணம் கொண்டவை. மேலே இலையில் ஒரு துளி ஆவியாகிப் போனால், பின்னால் இருக்கும் துளி அந்த இடத்துக்கு இழுக்கப்படும். அதற்குப் பின்னால் அடுத்தது. இப்படியே இழுவிசை கடைசியில் வேர் வரை போய்ச் சேரும்.

அயர்லாந்தைச் சேர்ந்த ஹென்றி டிக்சன், ஜான் ஜோலி ஆகிய இருவரும் 1894-ல் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். நம் ஊர் ஜகதீஷ் சந்திர போஸுக்கு இதில் உடன்பாடு இல்லை. செடிக்குள் உள்ள உயிருள்ள செல்கள் துடித்துத் துடித்துத்தான் நீரை மேலே தள்ளுகின்றன என்று 1923-ல் ஒரு புத்தகமே எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகள் டிக்சன், ஜோலி பக்கம்தான் நின்றன.

சுருக்கமாகச் சொன்னால், தண்ணீர் கீழே இருந்து தள்ளப்படவில்லை, மேலே இருந்து இழுக்கப்படுகிறது. மின்சாரத்துக்குப் பதில் வெயில்.

உப்புத் தண்ணீரில் என்ன பிரச்னை?

மாங்காயைத் துண்டு போட்டு உப்பைத் தூவி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணி விட்டிருக்கும். உப்பு அதிகம் இருக்கும் பக்கம் தண்ணீர் ஓடும் என்பதுதான் காரணம். இதற்கு சவ்வூடு பரவல் என்று பெயர்.

இப்போது ஏரல் பக்கம் இருக்கும் ஒரு வாழையைக் கொண்டுவந்து கடல் தண்ணீரில் நட்டால் என்ன ஆகும்? ஊறுகாய் மாங்காய்க்கு ஆனதுதான். வேருக்குள் இருப்பதைவிட வெளியே உப்பு அதிகம். வாழை தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக இழக்கத் தொடங்கும். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் வாடிப் போகும்.

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் இருந்து நல்ல தண்ணீரைப் பிரித்து இழுக்க குறைந்தது 25 மடங்கு காற்றழுத்தத்துக்குச் சமமான இழுவிசை வேண்டும். நம் கார் டயரில் அடிக்கும் காற்றைவிட 10 மடங்குக்கும் மேல்!

அலையாத்தி மரம் என்ன தந்திரம் செய்கிறது?

வீட்டில் ஆர்.ஓ. மெஷின் இருக்கிறதா? அதே வேலைதான். சென்னைக்கு அருகே நெம்மேலியில் 2013 முதல் இயங்கும் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை, தினமும் 10 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் தரும் திறன் கொண்டது. அங்கே பெரிய பெரிய மோட்டார்கள் கடல் நீரை மெல்லிய சவ்வு வழியாக அழுத்தித் தள்ளுகின்றன. உப்பு பின்தங்கிவிடும், தண்ணீர் மட்டும் தாண்டி வரும்.

அலையாத்தி இதை மோட்டார் இல்லாமல் செய்கிறது. அதன் வேர்ச் செல்களின் சவ்வுதான் வடிகட்டி. இலையில் இருந்து வரும் இழுவிசைதான் மோட்டார். கடல் நீரில் உள்ள உப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் வேருக்கு வெளியிலேயே நிறுத்தப்படுகிறது.

இது வெறும் ஊகம் இல்லை. பெர் ஷோலாண்டர் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவும் அலையாத்தி கிளைகளை வெட்டி, அழுத்தக் கலன் ஒன்றில் வைத்து அளந்து பார்த்தார்கள். சைலம் குழாய்க்குள் 30 மடங்கு காற்றழுத்தத்தையும் தாண்டிய இழுவிசை இருப்பதை 1965-ல் உலகுக்குச் சொன்னார்கள்.

வடிகட்டலையும் மீறி உள்ளே வந்துவிடும் உப்புக்கு வெண்கண்டலிடம் இன்னொரு வழி இருக்கிறது. இலையிலேயே உப்புச் சுரப்பிகள். அதிகப்படி உப்பை இலையின் மேல் வெளியேற்றிவிடும். காய்ந்த நாளில் இலையைத் தடவிப் பார்த்தால் விரலில் உப்பு ஒட்டும்.

ஆனால் இதெல்லாம் இலவசம் இல்லை. இவ்வளவு பலமாக இழுக்கும்போது குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்து நூல் அறுந்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் இந்த மரங்கள் குழாய்களைக் குறுகலாக வைத்துக்கொள்கின்றன. குறுகலான குழாயில் தண்ணீர் மெதுவாகத்தான் வரும். இலைச் செல்களுக்குள் கரைசலை அடர்த்தியாக வைத்துக்கொள்ளவும் சில பொருட்களைத் தயாரிக்க வேண்டும். சமைத்த சாப்பாட்டில் ஒரு பங்கு தண்ணீர் குடிப்பதற்கே செலவாகிறது. வெளியே உப்பு கூடக் கூட, அந்தச் செலவும் கூடும்.

பென்சில் மாதிரி நிற்கும் வேர்கள் எதற்கு?

மரத்தின் எடையில் மண்ணின் பங்கு சொற்பம் என்று பார்த்தோம். ஆனால் அந்தச் சொற்பம் இல்லாமல் எதுவும் நடக்காது. பச்சையத்தின் நடுவில் இருப்பது மெக்னீசியம். பச்சையத்துக்கும் புரதத்துக்கும் நைட்ரஜன் வேண்டும். பாஸ்பரஸ், பொட்டாசியம், இரும்பு என்று பட்டியல் நீளும். வாழையின் அடி இலைகள் வெளிறி மஞ்சளானால் "யூரியா பத்தல" என்று விவசாயிகள் சொல்வது இதைத்தான்.

இந்தச் சத்துகள் தண்ணீரில் கரைந்து, அதே சைலம் குழாயில்தான் மேலே போகின்றன. ஆனால் அவற்றை வேருக்குள் இழுத்துப் போட செல்கள் உழைக்க வேண்டும். உழைக்க சக்தி வேண்டும், சக்திக்கு ஆக்சிஜன் வேண்டும். முகத்துவாரச் சேற்றில் ஆக்சிஜனுக்கு எங்கே போவது? கிளறினால் முட்டை நாற்றம் அடிக்கும் கறுப்புச் சேறு அது. காற்றே புகாது.

அதற்குத்தான் அந்தப் பென்சில் வேர்கள். மூச்சு வேர்கள் என்பார்கள். கடல் இறங்கும்போது அவற்றின் மேல் உள்ள நுண்துளைகள் வழியாகக் காற்றை இழுத்து, சேற்றுக்குள் இருக்கும் வேருக்கு அனுப்பும். பல நாள் தொடர்ந்து தண்ணீர் மூடிக் கிடந்தாலோ, மண் வந்து மூடினாலோ மரம் மூச்சுத் திணறும்.

சமைத்த சாப்பாடு எப்படி கீழே வருகிறது? பதநீரைக் கேளுங்கள்

இலையில் தயாரான சர்க்கரை வேருக்கும் போக வேண்டும், பூவுக்கும் பிஞ்சுக்கும் போக வேண்டும். அதற்குத் தனிக் குழாய் உண்டு. அதன் பெயர் புளோயம்.

இதைப் புரிந்துகொள்ள தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்கு ஆய்வகம் தேவையில்லை. பதநீர் குடித்திருக்கிறீர்களா? அதுதான் பனையின் புளோயம் சாறு. மேலே ஓலைகள் தயாரித்த சர்க்கரை, காய் பிடிக்கப் போகும் பாளைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பனையேறி அந்தப் பாளையின் நுனியைச் சீவி, கலயத்தைக் கட்டுகிறார். பிஞ்சுக்குப் போக வேண்டிய சாப்பாடு கலயத்தில் சொட்டுகிறது. பதநீரில் 10 சதவீதத்துக்கும் மேல் சர்க்கரை இருக்கும். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய உடன்குடி கருப்பட்டி இந்தச் சாறுதான்.

ஏன் பனையேறி தினமும் காலையும் மாலையும் ஏறிச் சீவ வேண்டியிருக்கிறது? வெட்டுப்பட்டால் புளோயம் தன் துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். நமக்கு ரத்தம் உறைவது மாதிரி. மெல்லிசாக ஒரு சீவல் எடுத்தால் திரும்பவும் ஓட்டம் தொடங்கும்.

புளோயம் ஓடும் விதத்தை ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் முன்ச் 1930-ல் விளக்கினார். இலையில் சர்க்கரை ஏற்றப்படும்போது, பக்கத்தில் உள்ள சைலம் குழாயில் இருந்து தண்ணீர் அங்கே பாய்கிறது. அழுத்தம் கூடுகிறது. வேரும் பிஞ்சும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. இந்த வித்தியாசம்தான் சர்க்கரைத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிறது.

கவனித்தீர்களா? சாப்பாட்டைக் கொண்டுபோகவும் தண்ணீர்தான் வேண்டும். சைலத்தில் தண்ணீர் வற்றினால் புளோயமும் மந்தமாகும்.

சரி, கடலே பக்கத்தில் இருக்கும்போது ஆற்றுத் தண்ணீர் எதற்கு?

இப்போது முக்கியமான கேள்விக்கு வந்துவிட்டோம். உப்புத் தண்ணீரையே வடிகட்டிக் குடிக்கத் தெரிந்த மரத்துக்கு தாமிரபரணி ஏன் வேண்டும்?

தூத்துக்குடி உப்பளத்தை நினைத்துப் பாருங்கள். பாத்தியில் கடல் நீர் பாய்ச்சுவார்கள். வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். அலையாத்தியின் வேரடியிலும் நடப்பது அதேதான். மரம் நல்ல தண்ணீரை மட்டும் உறிஞ்சிக்கொள்கிறது. 90 சதவீதத்துக்கும் மேல் உப்பு வேருக்கு வெளியே, சேற்றிலேயே நின்றுவிடுகிறது. மரம் குடிக்கக் குடிக்க, அதன் காலடியில் உப்பு ஏறிக்கொண்டே போகும். மேலே வெயிலும் சேற்றைக் காய்ச்சும்.

இந்த உப்பை யாராவது கழுவிவிட வேண்டும். இரண்டு பேர்தான் அதைச் செய்ய முடியும். ஒன்று, கடலின் ஏற்ற இறக்கமான ஓதம். இரண்டு, ஆறு. நண்டுகள் தோண்டும் வளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்து கழுவுவதும் இதற்கு உதவும்.

குஜராத்தின் காம்பே வளைகுடாவில் கடல் பல மீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்கும். மன்னார் வளைகுடாவில் அந்த வித்தியாசம் 1 மீட்டர்கூட வருவதில்லை. கடல் கழுவிவிடுவது இங்கே குறைவு. அதனால் ஆறு வந்து கழுவுவதுதான் பெரிய விஷயம்.

வெண்கண்டல் முழுக் கடல் நீரிலும் உயிர் வாழும். ஆனால் அது நன்றாக வளர்வது கடலின் உப்பில் பாதி அல்லது அதற்கும் குறைவாக உள்ள கலப்பு நீரில்தான். உப்பு கூடினால் என்ன நடக்கும்? இழுவிசை கூட வேண்டும். குழாய் அறுந்துபோகும் ஆபத்து கூடும். மரம் இலைத்துளைகளை மூடும். சமையல் குறையும். உப்பு தேங்கிய இடங்களில் அலையாத்தி வளராமல் இடுப்பு உயரத்துக்குக் குட்டையாகவே நிற்பதை உலகின் பல கடற்கரைகளில் பார்க்கலாம். அது பட்டினியின் உயரம்.

இது நிஜமாகவே நடந்த இடம் இருக்கிறதா?

இருக்கிறது. நம் தமிழ்நாட்டிலேயே, கடலூர் மாவட்டம் பிச்சாவரத்தில். அங்கே அந்தக் காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டினார்கள். மரம் போன இடத்தில் மண் இறங்கி, பள்ளமாகி, கடல் நீர் வந்து தேங்கியது. வெயிலில் அது வற்ற வற்ற உப்பு ஏறியது. பிறகு அங்கே கன்று முளைக்கவே இல்லை.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து அங்கே வாய்க்கால்களை வெட்டின. மீன் முள் மாதிரி நடுவில் ஒரு வாய்க்கால், இரண்டு பக்கமும் கிளைகள். தண்ணீர் வந்து போக வழி கிடைத்ததும் உப்பு இறங்கியது, மரம் வளர்ந்தது. அவர்கள் செய்தது உரம் போட்டதல்ல, உப்பைக் கழுவ வழி விட்டதுதான்.

மரம் பட்டினி கிடந்தால் யாருக்கு நஷ்டம்?

புன்னக்காயல் மீனவர்களின் வலைக்கு நஷ்டம். அலையாத்தியின் இலை சர்க்கரையைத் தயாரிக்கிறது, பழுத்துச் சேற்றில் விழுகிறது, மக்குகிறது. அதை நண்டும் இறால் குஞ்சும் தின்கின்றன. மடவையும் கொடுவாயும் முகத்துவாரத்தில் வளர்கின்றன. மேலே இலையில் சமையல் குறைந்தால் கீழே தண்ணீரில் சாப்பாடு குறையும். கரைக்கும் நஷ்டம்தான், வேர்கள் பிடித்து வைத்திருக்கும் சேறு அலையில் கரையும்.

மேலே ஆத்தூர் வரைக்கும் இந்தக் கணக்கு போகும். ஆற்றில் நீர் வரத்து குறைந்தால் அந்த இடத்தைக் கடல் பிடிக்கும். உப்பு ஆற்றுக்குள்ளும் நிலத்தடி நீருக்குள்ளும் ஏறும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலைக்கும், அந்தப் பக்கத்து வாழைக்கும் அலையாத்தி மாதிரி உப்பை வடிகட்டும் வேர் கிடையாது. கொடிக்காலில் உப்புத் தண்ணீர் ஏறினால் வெற்றிலைக்கு வேறு தந்திரம் தெரியாது.

அப்போ குடிக்கவும் விவசாயத்துக்கும் தண்ணீர் எடுக்கக் கூடாதா?

அப்படி யாரும் சொல்லவில்லை. தாமிரபரணியை நம்பி நெல்லும் வாழையும் இருக்கின்றன. நெல்லை, தூத்துக்குடி உட்பட பல ஊர்களின் குடிநீர் இருக்கிறது. உபரி வெள்ளத்தை கன்னடியன் அணைக்கட்டில் இருந்து சாத்தான்குளம், திசையன்விளை பக்கம் உள்ள வறண்ட பகுதிக்குக் கொண்டுபோகும் வெள்ளநீர்க் கால்வாய் திட்டமும் இருக்கிறது. அந்த மக்களின் தேவையும் உண்மையானது.

கேள்வி, பங்கு பற்றியது. வயலுக்கு ஒரு பங்கு, ஊருக்கு ஒரு பங்கு என்று கணக்கு வைக்கிறோம். முகத்துவாரத்துக்கு எவ்வளவு என்ற கணக்கு பெரும்பாலும் பேச்சிலேயே வருவதில்லை. 'மிச்சம் இருந்தால் போகும்' என்பதுதான் நிலை. ஆற்றில் எப்போதும் ஓட வேண்டிய குறைந்தபட்ச நீரை சுற்றுச்சூழல் நீரோட்டம் என்பார்கள். கங்கையின் சில பகுதிகளுக்கு அந்த அளவை நிர்ணயித்து மத்திய அரசு 2018 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. அப்படி ஒரு சிந்தனை இந்தியாவுக்குப் புதிதல்ல.

இன்னொரு கேள்வியும் வரும். "2023-ல்தான் அவ்வளவு வெள்ளம் போச்சே?" ஆமாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில், பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது. ஆனால் ஒரே நாளில் பத்து வேளைச் சாப்பாட்டைப் போட்டுவிட்டு, அடுத்த பல மாதம் ஒன்றும் தராமல் இருந்தால் யாருக்கும் உடம்பு தேறாது. பெருவெள்ளம் அடித்து வரும் மண் மூச்சு வேர்களை மூடவும் செய்யலாம். அது வடிந்த பிறகு வரும் கோடையில் உப்பு திரும்பவும் ஏறும். மரத்துக்கு வேண்டியது அளவான, விட்டு விட்டாவது வரும் நல்ல தண்ணீர்.

சுருக்கமாக:

- மரம் தன் உடம்பைக் கட்டுவது காற்று, தண்ணீர், வெயில் இவற்றில் இருந்துதான். மண் தருவது கொஞ்சம் தாதுச் சத்து, ஆனால் அது அவசியம்.
- தண்ணீரும் சத்தும் சைலம் வழியாக மேலே போகும். இழுப்பது வெயில். சர்க்கரை புளோயம் வழியாகப் பிரிந்து போகும். பதநீர் அந்தச் சாறுதான்.
- தண்ணீர் குறைந்தால் இலைத்துளை மூடும், உணவுத் தயாரிப்பு குறையும்.
- அலையாத்தி உப்பை வேரிலேயே வடிகட்டும். வடிகட்டிய உப்பு காலடியில் தேங்கும். அதைக் கழுவிவிடுவது ஓதமும் ஆறும்.
- கடலின் ஏற்ற இறக்கம் குறைவாக உள்ள மன்னார் வளைகுடாவில் ஆற்றின் பங்கு இன்னும் முக்கியம்.

அடுத்த மழைக்கு ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டி தண்ணீர் போகும் வீடியோ உங்கள் மொபைலுக்கும் வரும். அதில் எவ்வளவு சேமித்திருக்கலாம் என்று கேளுங்கள், கட்டாயம் கேட்க வேண்டிய கேள்விதான். கூடவே, கடைமடையில் நிற்கும் மரங்களுக்கும் அவற்றை நம்பி வலை போடும் ஊருக்கும் எவ்வளவு வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.